வால்வுக்கும் பொருத்தம் பார்த்தல்

இம்மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க் குழுவினர் கேட்டபோது சிறிது தயங்கினேன். என்னுடன் ஒரே வாங்கிலிருந்து பயின்றோருள் மருத்துவராயும் நியாயவாதியாயும் அரசாங்க உத்தியோகத்தராயும் விளங்கியோர் பலர். அவர்கள் எழுதுவதற்கு உயர்ந்த பொருள்கள் உள. கமஞ்செய்து காலம் போக்கிய என்னிடம் இருப்பனவோ சேறும் எண்ணெயும் படிந்த அனுபவங்களே. எனினும் எமது கல்லூரியின் விஞ்ஞானக் கூடத்திற் கற்ற பாடமொன்று, ஐம்பது ஆண்டுகளின் பின் ஒருவன் தலைமேல் தொங்கிய ஆபத்தை விலக்க உதவிற்று. அதனை எடுத்துரைப்பது பழைய மாணவன் ஒருவனின் கடன் எனத் துணிந்தே எழுதுகின்றேன்.

வன்னிப் பகுதியிலே பழைய மசி பேர்குசன் உழவு யந்திரங்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1964இல் வெளிவந்த 135 என்னும் வகை அவற்றுள் ஒன்று. 1990க்குப் பின் பல ஆண்டுகள் போரினாலும் பொருளாதாரத் தடையினாலும் உதிரிப்பாகங்கள் எமக்கு எளிதிற் கிடைக்கவில்லை. ஒன்றன் உறுப்பை மற்றொன்றிற் பூட்டி யந்திரங்களை உயிரோடு வைத்திருந்த எம் தொழிலாளரின் கைத்திறனை நான் வணங்குபவன். ஆயினும் ஒட்டுப்போடுவதற்கும் ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லை யாது என்பதே இங்கு நான் கூறப் புகுந்தது.

என் தமக்கையாரின் மகன் கிளிநொச்சிப் பக்கத்திற் கமஞ்செய்பவன். அவனுடைய 135இன் முன்புறத்தே, பிற்காலத்தில் வேறிடத்தில் வாங்கிய லோடர் ஒன்று பூட்டப்பட்டுள்ளது. இரண்டு இரும்புக் கைகளும் அவற்றின் நுனியில் ஒரு வாளியுமாக அமைந்த அது, மண்ணையும் எருவையும் அள்ளிப் பெட்டியிற் கொட்டும். சில ஆண்டுகளுக்கு முன் அதற்கொரு நோய் கண்டது. உயர்த்தி நிறுத்திய கைகள், பிடியை எவரும் தொடாதிருக்கவும், மெல்ல மெல்ல இறங்கின. மெக்கானிக் ஒருவர் உருளைகளின் சீல்களை இருமுறை மாற்றினார். நோய் தீரவில்லை. வாளியின் கீழே நின்று கிறீஸ் பூசும் வேலையாளுக்கு அது வெறும் பழுதன்று, உயிர்ப் பயம்.

மருமகன் என்னிடம் வந்து முறையிட்டபோது, பஸ்காலின் தத்துவத்தை எமக்குக் கற்பித்த ஆசிரியர் நினைவுக்கு வந்தார். திரவம் நெருக்கினாற் சுருங்காது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுத்த அமுக்கம் எல்லாப் பக்கமும் சமமாய்ப் பரவும். 1662இல் மறைந்த அப்பெரியார் கண்ட இவ்வுண்மையைக் கொண்டே பிராமா என்பவர் 1795இல் நீரழுத்தப் பொறிக்கு உரிமை பெற்றார். அதே உண்மையை லோடருக்குப் பிரயோகித்துப் பார்ப்போம். உருளையின் இரு வாய்களும் முற்றாக அடைபட்டிருப்பின், உள்ளிருக்கும் முசலத்தின் சீல் தேய்ந்து எண்ணெய் ஒரு புறமிருந்து மறுபுறம் சென்றாலும், கைகள் இறங்குவதற்குத் தண்டு உருளைக்குள்ளே புகவேண்டும். தண்டு புகுவதற்கு இடம் வேண்டும். எண்ணெயோ இடங்கொடாது. ஆகவே எண்ணெய் எங்காயினும் வெளியேறினாலன்றிக் கைகள் இறங்கமாட்டா. குழாய்களிலோ உருளைகளிலோ ஒழுக்கில்லை. எஞ்சியிருந்த வழி வால்வு ஒன்றே. அதனுள்ளே வழுக்கிச் செல்லும் ஸ்பூல் என்னும் தண்டும் அது செல்லும் துளையும் தேய்ந்துபோயின என்பது இதனால் தெளிவாயிற்று.

புதிய வால்வு வேண்டும் என்றேன். மறு வாரமே அவன் பழைய இரும்புக் கடையொன்றிலிருந்து தொலைபேசியில் அழைத்தான்.

“மாமா, பழையதை அச்சில் வார்த்தது போல ஒன்று இருக்கின்றது. இரண்டு பிடி, ஆணித் துளைகளும் சரி, விலையும் மலிவு. வாங்கட்டுமோ?”

“பொறு, தம்பி. சாதகம் பாராமற் கலியாணம் பேசாத ஊர் நம்முடையது. வால்வுக்கும் பொருத்தம் பார்ப்போம்” என்று கூறி நானும் சென்றேன்.

முதற் பொருத்தம் நடுநிலை பற்றியது. பிடியை விட்டதும் ஸ்பூல் நடுவுக்கு வரும். அப்போது பம்பியிலிருந்து வரும் எண்ணெய் தடையின்றித் தாங்கிக்குத் திரும்புமாயின் அது திறந்த நடுவுடையது. அங்கேயே தடுக்கப்படுமாயின் மூடிய நடுவுடையது. ஜோன் டீயர் நிறுவனத்தார் 1960இல் வெளியிட்ட 3010, 4010 வகைகளிலே மூடிய நடு முறை உண்டு. அவற்றின் பம்பி, தேவையில்லாதபோது எண்ணெய் தள்ளுவதை நிறுத்தும். எமது லோடருக்கு எண்ணெய் தருவதோ எஞ்சினின் முன்னே பூட்டிய கியர் பம்பி. எஞ்சின் ஓடும்வரை அது தள்ளிக்கொண்டேயிருக்கும். அதற்கு மூடிய நடு வால்வைப் பூட்டின், எண்ணெய் முழுவதும் பாதுகாப்பு வால்வை முட்டித் திறந்து ஓடும். எண்ணெய் கொதித்துச் சீல்களும் கருகும்.

இனிச் சொல்வதே உயிர்நிலையானது. திறந்த நடுவிலும் இருவகை உண்டு. ஒன்றில் பம்பியின் வழி மட்டும் திறந்திருக்க, உருளைக்குச் செல்லும் இரு வாய்களும் மூடியிருக்கும். மற்றதில் அவ்விரு வாய்களும் கூடத் திறந்திருக்கும். பின்னையது சுழலும் மோட்டர்களுக்கு உரியது. பிடியை விட்டதும் மோட்டர் இடராது ஓய்வதற்காக அவ்வாறு அமைத்தனர். அதனை லோடரிற் பூட்டினால், பிடியை விட்ட கணமே வாளி கீழே விழும். வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. கடையிலேயே ஒரு சோதனை செய்தோம். பிடியை நடுவில் விட்டு, உருளைக்குரிய வாயொன்றில் சுத்தமான குழாய்த் துண்டு ஒன்றை வைத்து ஊதுமாறு மருமகனிடம் கூறினேன். தாங்கிக்குத் திரும்பும் வாயிற் கையை வைத்திருந்தேன். காற்று தாராளமாய் வந்தது. அவன் முகம் வெளிறிற்று. மலிவான அந்த வால்வை அங்கேயே விட்டுவந்தோம்.

இரண்டாம் பொருத்தம் அளவு. லோடரின் தூக்கும் உருளை ஒவ்வொன்றும் உள்விட்டம் 3 அங்குலம், ஓட்டம் 20 அங்குலம். முசலத்தின் பரப்பு ஏறக்குறைய 7 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 2000 இறாத்தல் அமுக்கத்தில் ஓர் உருளை 14,000 இறாத்தல் விசை தரும். இரண்டு உருளைகளும் முழுதாய் நீள ஏறக்குறைய ஒரு கலன் எண்ணெய் வேண்டும். பம்பி நிமிடத்துக்கு 8 கலன் தருவது. ஆகவே கைகள் உயர எட்டு விநாடி போதும். எட்டுக் கலன் என்பது இன்றைய கணக்கில் 36 லீற்றர். வால்வு அதற்குச் சிறிதேனும் மேற்பட்ட ஓட்டத்தைத் தாங்கல் வேண்டும். சிறிய வால்வு எண்ணெயை நெருக்கிச் சூடாக்கும். மிகப் பெரியதில் மெல்லிய அசைவு கைவராது.

மூன்றாவது, தொழிலுக்கேற்ற வசதிகள். தூக்கும் பிடிக்கு மிதக்கும் நிலை என நான்காவது நிலையொன்று வேண்டும். அதில் வாளி நிலத்தின் மேடு பள்ளத்தைத் தானே தழுவிச் செல்லும். பம்பியின் அமுக்கம் சுமைக்கு ஈடாகும்வரை எண்ணெய் பின்னோக்கிப் பாயாதவாறு காக்கும் ஒருவழி அடைப்பும் வேண்டும். இல்லையேல் உயர்த்தத் தொடங்கும்போது கைகள் ஒருமுறை தாழ்ந்து பின்னரே எழும். பெட்டியைக் கவிழ்க்கும் உருளைக்கும் அதே பம்பியிலிருந்து எண்ணெய் செல்வதால், அடுத்த வால்வுக்கு முழு அமுக்கத்துடன் எண்ணெய் அனுப்பும் தனிவாயும் தேவைப்பட்டது. தாங்கிக்குத் திரும்பும் வாயிலிருந்து அதனை எடுப்பது தகாது. அப்பகுதி அத்துணை அமுக்கம் தாங்குமாறு வார்க்கப்பட்டதன்று.

நான்காவது, புரி. அரை அங்குலக் குழாயில் பிரித்தானியப் புரிக்கும் அமெரிக்கப் புரிக்கும் அங்குலத்துக்குப் பதினான்கு சுற்றே. ஆதலால் ஒன்று மற்றொன்றினுள் இசைந்து செல்வது போலத் தோன்றும். ஆனாற் புரியின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60 பாகை. முறுக்கிப் பூட்டினும் ஒழுகும். ஊசித் துளையினூடே அத்தகைய அமுக்கத்திற் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். ஒழுக்கைக் கையாற் தடவிப் பார்த்தலாகாது. மட்டைத் துண்டொன்றை நீட்டிப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் உடம்பிற் பாய்ந்துவிட்டால், காயம் சிறிதென எண்ணாது உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

இந்நான்கும் பொருந்திய வால்வுக்குக் கடைக்காரன் கேட்டதைப் போல மும்மடங்கு கொடுத்தோம். பூட்டியபின் அமுக்கமானி வைத்துப் பாதுகாப்பு வால்வை 2000 இறாத்தலுக்கு அமைத்தோம். உயர்த்திய வாளி நின்றது. மாலைவரை பார்த்தோம், இறக்கம் ஒரு விரற்கடைக்கும் குறைவு.

அந்த ஒரு விரற்கடையைச் சுட்டிக்காட்டி மருமகனுக்கு இறுதியாகச் சொன்னேன்: “தம்பி, ஸ்பூல் வழுக்க வேண்டுமாயின் மயிரிழையிலும் மெல்லிய இடைவெளி இருந்தே தீரும். எத்தனை நல்ல வால்வாயினும் அது தூண் அன்று. கைகளுக்கு இரும்பு முண்டு கொடாமல் எவரையும் கீழே விடாதே.” அவன் அன்றே பட்டறையில் முண்டு இரண்டு செய்வித்தான். அவை இப்போது லோடரிலேயே கட்டப்பட்டுள்ளன.

துளைக்குப் பொருந்துவது வேறு. தொழிலுக்குப் பொருந்துவது வேறு. பிற உறுப்புகளில் ஒட்டுப்போடலாம். மனிதர் தலைக்குமேல் நிற்கும் சுமையைத் தாங்கும் உறுப்பில் அளந்தறிந்த பின்னரே கைவைத்தல் வேண்டும்.