கப்பல் கணக்கில் ஒரு வரி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஆவணக் காப்பகத்தில், கப்பல் கணக்கில் அந்த வரியைக் கண்டதும் உட்கார முடியாமல் எழுந்துவிட்டேன். நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம். அங்க அடையாளக் கட்டத்தில், இடது புருவத்தின் மேல் தழும்பு. என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன். "கப்பல் ஏறிப் போனவன் திரும்பியே வரல" என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சில்லை.

வட ஆற்காட்டில் அவர் படியாள். ஊர்ப் பக்கம் தாலுகா அலுவலகத்தில் தேடிப் பார்த்திருந்தேன். அ பதிவேடும் அடங்கலும் நிலத்தின் கதையைத்தான் சொல்லும். அவர் உழுத வயலின் சர்வே எண்ணும் பரப்பும் அதில் பத்திரமாக இருக்கின்றன. உழுதவர் இல்லை.

டர்பன் அடங்கிய நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கோ ஆள் வேண்டியிருந்தது. மதராஸிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் முதல் கூட்டத்தை இறக்கியது. 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஐந்தாண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி.

படிப்பறையில் தன் பாட்டியைத் தேடிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என் பரபரப்பைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார். பேசியது ஆங்கிலம், நடுநடுவே "ஆயா", "தாத்தா", "தம்பி". ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டார். ஆடி மாதம். அங்கே அது குளிர்காலம். தமிழே பேச வராதவர்களின் கோயிலில் பெயருக்கு ஒரு பூஜை நடக்கும், தலையைக் காட்டிவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

அண்டா அண்டாவாகக் கூழ். கேழ்வரகு இல்லை, மக்காச்சோள மாவு. புளித்த பாலின் வாடை முகத்தில் அடித்தது. ஒரு வாய் குடித்ததும் எங்கள் ஊர் ஆடி வெள்ளியின் அதே புளிப்பு நாக்கில் ஏறியது. நிறம் வேறு, மாவு வேறு; ஊற்றும் கை, குடிப்பவரைப் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்துவது எல்லாம் எங்கள் ஊர்தான்.

நெகிழ்ந்துபோய், "இந்தக் கப்பல் கணக்கை எழுதி வைத்தவர்கள் புண்ணியவான்கள்" என்றேன். அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார்.

"புண்ணியமா? தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிப்பதற்குத்தான் தம்பி தழும்பைக் குறித்தார்கள்."

எனக்குச் சுருக்கென்றது. விடாமல் நானும் கேட்டேன்: "ஒப்பந்தம் முடிந்த பிறகாவது அவர் ஊருக்கு வந்திருக்கலாமே?"

"ஊரில் அவருக்கு என்ன வைத்திருந்தீர்கள்?"

அந்த அம்மாளின் குரல் உயர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 1895ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொன்னார். அதன்பின் வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்து, மறுபடி கூலிக்குக் கையெழுத்திடாமல் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி. மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங். முதலாண்டுக் கூலியில் ஆறு மாத உழைப்பு. விரட்டுவதற்கென்றே போட்ட வரி அது. 1913இல் காந்தியோடு சேர்ந்து தோட்டத்திலும் சுரங்கத்திலும் வேலையை நிறுத்தினார்கள். மறு ஆண்டு வரி ஒழிந்தது. "அத்தனை செய்தும் போகாமல் இருந்தார்கள். ஏன் என்று உன் ஊரைப் போய்க் கேள்" என்றார்.

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் வந்தது 1890களின் கடைசியில். அந்த வரி அவர் கழுத்திலும் விழுந்திருக்கும். ஒரு சென்ட் நிலமும், கோயில் தெருவில் நிமிர்ந்து நடக்க இடமும் தராத ஊருக்குத் திரும்புவதைவிட, மூன்று பவுன் கட்டி இருப்பது மேல் என்று அவர் நினைத்திருந்தால் அதில் என்ன தப்பு?

வீட்டில் இனி யாராவது "திரும்பியே வரல" என்று குறையாகச் சொன்னால் நான் சும்மா இருக்கப்போவதில்லை. அவர் பெயரை ஒரு வரிகூட எழுதி வைக்காத ஊருக்கு, அவரைக் குறை சொல்ல உரிமை கிடையாது.