ஓலைக்குள் ஒரு பகை

பிஜித் தீவு என்றதும் தமிழர் நெஞ்சில் கரும்புத் தோட்டமே தோன்றும். 1903ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோரின் துயரக் கதை அத்தகையது. ஆயினும், அத்தீவுகளின் கடலோரங்களில் கரும்பினும் தென்னைக்கே ஏற்றம் மிகுதி. தவெயுனி போன்ற தீவுகளிற் கொப்பரையை நம்பி வாழும் குடும்பங்கள் பல. அக்குடும்பங்களின் வருவாயை ஓசையின்றி அரித்துத் தின்பது ஒரு குச்சிப்பூச்சி.

பெண் பூச்சி ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளம் வளரும். ஆண் அதனினும் சிறியது, மெலிந்தது. பசுமையோ பழுப்போ கொண்ட அவ்வுடல் பகலெல்லாம் ஓலையோடு ஓலையாய் ஒட்டிக் கிடக்கும். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவன் கண்ணுக்கு அது எளிதில் அகப்படாது. இரவு வந்ததும் மேயத் தொடங்கும். விளிம்பிலிருந்து தின்று தின்று, இறுதியில் ஈர்க்கை மட்டும் விட்டுவைக்கும். தென்னை மாதத்திற்கு ஏறக்குறைய ஓர் ஓலைதான் விடுகிறது; இழந்த பசுமையை மீட்க அதற்கு நெடுநாள் வேண்டும். உணவு சமைக்கும் இலை குன்றினால் காய்ப்பும் குன்றுவது இயல்பே.

பிஜி மக்கள் இதனை 'மிமிமத்தா' என்பர். அச்சுறுத்தினால் இது எரிச்சலூட்டும் நீரைப் பீய்ச்சும். அது கண்ணிற் பட்டால் பெருந்துன்பம். பெயரிலுள்ள 'மத்தா' கண்ணைக் குறிப்பது. மலாய் மொழியறிந்த நம் மாணவர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ! இரண்டும் ஒரே மொழிக் குடும்பத்துச் சொற்கள் அல்லவா?

விதை போன்ற முட்டைகள் மேலிருந்து தரையில் உதிர்கின்றன. சில மட்டைகளின் இடுக்கிலே தங்குகின்றன. மூன்று திங்களுக்கு மேற் சென்றபின் குஞ்சுகள் வெளிப்பட்டு மரமேறுகின்றன. பகைவனை வெல்லும் இடம் உச்சியன்று, அடிமரமே என்பதை உழவர் இதனாற் கண்டனர். தோப்பின் புதர்களைக் களைந்து, கோழிகளை மேயவிடுவது அவர்தம் பழைய முறை. உயர்ந்த மரத்தின் உச்சிக்கு மருந்து தெளிப்பதினும் இது ஏழைக்கு ஏற்றது. முட்டைக்குள் தன் முட்டையிடும் சிறு குளவிகளும் பிஜியில் உண்டு. அவை துணை நிற்கின்றனவேயன்றிப் பகையை வேரறுக்கவில்லை.

இத்தீவுகள் இதனினும் கொடிய பகையொன்றை முன்னர்க் கண்டதுண்டு. லெவுவானா என்னும் ஊதாநிற அந்துப்பூச்சியின் புழுக்கள் விட்டி லெவு தீவின் தென்னைகளைப் பாழாக்கின. அதனை அடக்க 1925இல் ஓர் ஒட்டுண்ணி ஈ கொணரப்பட்டது. எங்கிருந்து தெரியுமா? மலாயாவிலிருந்து! கப்பலேறிச் சென்ற அந்த ஈக்களின் வழித்தோன்றல்கள் சில ஆண்டுகளுக்குள் அந்துப்பூச்சியைக் காண்பதே அரிதாக்கிவிட்டன. பிஜிக்கே உரியதாயிருந்திருக்கலாம் என்று கருதப்படும் அவ்வுயிர் முற்றும் அழிந்ததோ என்று அறிஞர் பிற்காலத்தில் வருந்தியதும் உண்டு. குச்சிப்பூச்சிக்கு அத்தகைய எதிரி வாய்க்கவில்லை. தவெயுனித் தோப்புகளில் இன்றும் கோழியும் அரிவாளுமே காவல்.