ஏலம் போன காமெட்

கிறிஸ்டல் பீச்சில் இப்போது பார்க்க ஒன்றும் இல்லை. டொரண்டோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தொலைவில், ஈரி ஏரியின் வடகரையில் இருக்கிற சின்ன ஊர் அது. கனடாவுக்கு வருகிற நம்மவர்கள் நயாகராவில் அருவியோடு நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நான்தான் ஸ்கார்பரோ நண்பரைக் கெஞ்சி, அருவியைத் தாண்டியும் ஓட்டவைத்தேன்.

"அங்க என்ன அண்ணை இருக்கு?"

"ஒரு ரோலர் கோஸ்டர் இருந்தது."

"இருந்ததைப் பாக்கவோ இவ்வளவு தூரம்?" என்று அவர் சிரித்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கேலி செய்தாலும் வண்டியைத் திருப்பமாட்டார்.

அந்த ரோலர் கோஸ்டர் ஓடிய கேளிக்கைப் பூங்கா இருந்த இடத்தில் இன்று வேலியும் கதவும் போட்ட குடியிருப்பு. ஏரியைப் பார்த்த வீடுகள், படகுத்துறை, டென்னிஸ் மைதானம். நம்மை உள்ளே விடமாட்டார்கள். பக்கத்துப் பொதுக் கடற்கரையில் நின்று எட்டிப் பார்க்கலாம். ஏரிதான், ஆனாலும் கடற்கரை என்றே சொல்லத் தோன்றுகிறது. மணல் அத்தனை வெளுப்பு. ஜான் ரெப்ஸ்டாக் என்பவர் 1888 இல் இங்கே தொடங்கியது சமயக் கூட்டங்களுக்கான முகாம். பிரசங்கத்துக்கு வந்தவர்களைவிட, அதை ஒட்டிப் போட்ட கேளிக்கைகளுக்கு வந்தவர்கள் அதிகம். சில ஆண்டுகளிலேயே பிரசங்கம் போய்விட்டது, கேளிக்கை நிலைத்துவிட்டது. நம் ஊர்த் திருவிழாக்களைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

நிலம் கனடாவுடையது என்றாலும் கூட்டம் அமெரிக்கக் கூட்டம். எதிர்க்கரையில் பஃபலோ நகரம். உருக்காலைத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு நீராவிக் கப்பலேறி இங்கே வந்து இறங்குவார்கள். 1910 இல் கட்டிய 'கனடியானா' என்ற கப்பலில் ஆடுவதற்கென்றே ஒரு தளம் இருந்தது. போகும்போதும் ஆட்டம், வரும்போதும் ஆட்டம்.

அவர்களை அலறவைக்க 1927 இல் வந்தது 'சைக்ளோன்'. ஹாரி டிரேவர் வடிவமைத்தது. அது வேகத்தால் பயமுறுத்திய வண்டியில்லை. ஒரு வளைவிலிருந்து மூச்சு வாங்குவதற்குள் எதிர் வளைவுக்குத் திருகிப் போடும். ஏறி இறங்கும் மேடையில் ஒரு நர்ஸை நிறுத்தியிருந்தார்கள். உண்மையிலேயே மயங்குகிறவர்களுக்காகவா, பார்க்கிறவர்களைக் கிளப்பவா என்று கேட்டால், இரண்டுக்கும்தான் என்பேன். ஆனால் உடம்பை உலுக்கும் வண்டி தன் சட்டத்தையும் உலுக்கிக்கொள்ளும். பராமரித்துக் கட்டுப்படியாகவில்லை. 1946 இல் பிரித்துவிட்டார்கள்.

பிரித்த இரும்பை வீசவில்லை என்பதில்தான் இந்தக் கதையே இருக்கிறது. சைக்ளோனின் இரும்பில் ஒரு பகுதியைக் கொண்டு 1948 இல் 'காமெட்' எழுந்தது. வடிவமைத்தவர் ஹெர்பர்ட் ஷ்மெக், 95 அடி உயரம், 4,000 அடிக்கு மேல் நீளம். திருகல் இல்லை; மேடும் பள்ளமுமாக ஏரிக்கரையோரமே ஓடித் திரும்பும். இதை மரக் கோஸ்டர் என்றுதான் சொல்வார்கள். சக்கரம் உருளும் தடம் மரப்பலகைகளை அடுக்கி, மேலே மெல்லிய இரும்புப் பட்டை அறைந்தது. ஆனால் தாங்கி நிற்கும் கால்கள் இரும்பு, போல்ட் போட்டு முடுக்கியவை. இந்த போல்ட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1956 இல் கப்பல் போக்குவரத்து நின்றது. அந்த ஆண்டு கப்பலில் கறுப்பின, வெள்ளையின இளைஞர்களுக்கிடையே மூண்ட கைகலப்பு ஒரு காரணம். எல்லார் வீட்டிலும் கார் வந்துவிட்டது இன்னொரு காரணம். கார் வைத்திருப்பவன் இன்னும் தள்ளிப் போவான். டொரண்டோ பக்கம் 1981 இல் 'கனடாஸ் வண்டர்லேண்ட்' திறந்தபோது சின்னப் பூங்காக்களுக்குக் காலம் முடிந்தது. ஏரிக்கரை மனையோ ஏறிக்கொண்டே போனது. ராட்டினம் சுற்றிச் சம்பாதிப்பதைவிட, சுற்றாமல் நிலத்தை விற்றால் லாபம் என்ற கணக்கு வந்துவிட்ட இடத்தில் எந்தப் பூங்காவும் நிற்காது. 1989 செப்டம்பரில், தொழிலாளர் தின விடுமுறையோடு கிறிஸ்டல் பீச் மூடப்பட்டது.

கடைசி நாட்களில் பெருங்கூட்டமாம். அந்தக் கூட்டத்தில் பாதி முந்தைய பத்து வருடம் ஒழுங்காக வந்திருந்தால் மூடியிருக்கவே மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூடும்போது அங்கே இரண்டு பெரிய கோஸ்டர்கள் இருந்தன. 1916 இல் கட்டிய 'ஜயண்ட்' முழுக்க மரம். வட அமெரிக்காவில் அன்று ஓடிக்கொண்டிருந்த மிகப் பழையவற்றில் ஒன்று. மதிப்பு என்று பார்த்தால் அதைத்தான் காப்பாற்றியிருக்க வேண்டும். அதை இடித்துத் தள்ளினார்கள். காமெட்டோ ஏலத்துக்குப் போனது. நியூயார்க் மாநிலத்தில் பூங்கா நடத்திய சார்லஸ் வுட் 2,10,000 டாலருக்கு எடுத்தார். காரணம் இதுதான்: மரச் சட்டத்தைக் கழற்றினால் ஆணி ஆணியாகப் பலகை பிளந்துபோகும். மறுபடி கட்டுவதென்றால் பெரும்பாலும் புதிதாகத்தான் கட்ட வேண்டும். ஒஹாயோவில் கியூகா லேக் பூங்கா 2007 இல் மூடியபின், 1925 இல் கட்டிய 'பிக் டிப்பர்' வெறும் 5,000 டாலருக்கு ஏலம் போனது. வாங்கியும் நகர்த்த முடியவில்லை. புதர் மண்டி நின்றதை 2016 இல் இடித்தார்கள். போல்ட் போட்ட இரும்பையோ எண் போட்டுக் கழற்றி லாரியில் ஏற்றலாம். ஜனங்களின் பாசம் ஜயண்டுக்கும் குறைவாக இருந்திருக்காது. பாசத்தை ஸ்பானர் வைத்துக் கழற்ற முடியாதே!

ஊருக்குள் லோகன்பெரி என்றொரு பானம் கிடைக்கிறது. பூங்காவில் விற்றது, பூங்கா போனபின்னும் பஃபலோக்காரர்கள் விடவில்லை. கருஞ்சிவப்பு, திகட்டும் இனிப்பு. நண்பர் அரைக் கோப்பையோடு வைத்துவிட்டார். எனக்கும் அரைக் கோப்பைதான் இறங்கியது.

காமெட்டைத் தேடி அமெரிக்கா போக, ஃபோர்ட் ஈரியில் பீஸ் பிரிட்ஜ் என்ற எல்லைப் பாலத்தில் ஏறும்போது நண்பரின் பேச்சு குறைந்தது. எண்பதுகளில் பஃபலோவில் காத்திருந்து, இந்தப் பாலத்தைத் தாண்டிக் கனடாவில் அடைக்கலம் கேட்டவர்களில் ஈழத்தமிழரும் உண்டு. "நானும் இதாலதான் வந்தனான், எண்பத்தாறில. மாசி மாசம். கையில ஒரு பை." கொஞ்ச தூரம் போனபின் அவரே சொன்னார்: "உங்கட கோஸ்டர் அங்கால போச்சுது, நான் இங்கால வந்தன். ரெண்டு பேரையும் கழட்டித்தான் பூட்டியிருக்கினம்."

எல்லை அதிகாரி எங்கே போகிறீர்கள் என்றார். ரோலர் கோஸ்டர் ஏற என்று சொன்னேன். இரண்டு நரைத்த தலைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

காமெட் ஏலத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் கிடந்தது பாலத்துக்கு அப்பால் கிராண்ட் ஐலண்டில் இருந்த 'ஃபேன்டஸி ஐலண்ட்' பூங்காவில். அந்தப் பூங்கா 1999 இல் காமெட்டின் நினைவாகவே 'சில்வர் காமெட்' என்று ஒன்றைக் கட்டியது. பிறகு 2020 இல் அந்தப் பூங்காவும் மூடப்பட்டது. பல ராட்டினங்கள் வெளியேறின, சில்வர் காமெட் நின்ற இடத்திலேயே நின்றது. புதிய உரிமையாளர் வந்து 2021 இல் வேறு பெயரில் பூங்காவைத் திறந்தார். நினைவுச் சின்னத்துக்கும் அதே சோதனை.

அங்கிருந்து கிழக்கே ஐந்து மணி நேர ஓட்டம். லேக் ஜார்ஜ் பக்கத்தில் 'தி கிரேட் எஸ்கேப்'. சார்லஸ் வுட் 1954 இல் குழந்தைகளுக்கான 'ஸ்டோரிடவுன்' என்று தொடங்கிய இடம், பிறகு சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனத்தின் வசம் போனது. காமெட் 1994 இல் இங்கே மறுபடி ஓடத் தொடங்கியது.

வரிசையில் எங்களுக்கு முன்னால் பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள். கிறிஸ்டல் பீச் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி வைத்திருந்தால் கிழடுகள்தான் வந்து பெருமூச்சு விட்டிருக்கும்.

சங்கிலி மெதுவாக இழுத்துக்கொண்டு போய் உச்சியில் விட்டது. கண்ணுக்கெட்டியவரை அடிராண்டாக் காடும் மலையும். இங்கே தடத்தை ஒட்டி ஏரி இல்லை. பழைய படங்களில் வண்டி தண்ணீருக்குள்ளேயே பாய்வதுபோல் இருக்கும்; அந்தப் பயத்தை லாரியில் ஏற்ற முடியவில்லை. காமெட்டில் பாதிதான் இங்கே வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் அப்படி யோசித்தது உச்சியில் இருந்தபோது மட்டும். முதல் இறக்கத்தில் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொட்டபோது எதுவும் யோசிக்கவில்லை. ஒவ்வொரு மேட்டிலும் உடம்பு இருக்கையை விட்டு எழுந்தது. பக்கத்தில் நண்பர் முருகனைக் கூப்பிட்டார், பிறகு என்னைத் திட்டினார்.

இறங்கியதும் தண்ணீர் குடித்தார். கால் நடுங்குகிறதா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் வரிசையைப் பார்த்தார்.

"கடைசிப் பெட்டியில இருந்தாத்தான் இன்னும் தூக்குமாம், அந்தப் பெடியன் சொல்லுறான். வாங்கோ, கெதியாப் போவம்."