காபூலும் வாச்சாத்தியும்

ஆட்சிகள் எழுவதும் வீழ்வதும் உலக இயற்கை. ஃபிர்அவ்னின் அரியணையும் நிலைக்கவில்லை. ரோமாபுரியின் கொடியும் நிலைக்கவில்லை. எனினும், ஏழைக்கு நீதி வழங்குவோம் என்று சூளுரைத்து எழுந்த ஓர் ஆட்சி வீழ்கின்றபோது மட்டும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. வீழ்ந்தது ஆட்சி மட்டும்தானா, அன்றி அது பேசிய நீதியுமா? அண்டை நிலங்களில் பொதுவுடைமை ஆட்சி எழுந்து வீழ்ந்த வரலாற்றைத் தருமபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு எண்ணிப் பார்க்கையில், இதற்கான விடை பாதி காபூலிலும் பாதி நம் சித்தேரி மலையடிவாரத்திலும் கிடப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

முதலில் புகாராவை நோக்குவோம். ஹதீஸ் கலைக்கு இமாம் புகாரி (ரஹ்) அவர்களை ஈந்த அம்மண்ணில் 1920 செப்டம்பரில் செஞ்சேனை நுழைந்தது, அமீர் தப்பியோடினார். அமீரின் ஆட்சி நல்லாட்சியாக இருந்தது என்று வாதிட இடமில்லை. ஆதலால்தான் சீர்திருத்தம் விரும்பிய இளைஞர் பலர் செஞ்சேனையை வரவேற்றனர். அவர்களுள் முதன்மையானவர் ஃபைசுல்லா கோஜாயெவ். புதிய அரசின் தலைமையில் அமர்ந்த அவரையே 1938இல் ஸ்டாலினின் அரசு சுட்டுக் கொன்றது. மத்திய ஆசியா எங்கும் பள்ளிவாசல்கள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. 1920களின் இறுதியில் அரபு எழுத்து நீக்கப்பட்டு இலத்தீன் எழுத்து வந்தது. 1940இல் அதுவும் போய் ருஷ்ய எழுத்து வந்தது.

பள்ளிக்கூடங்கள் பெருகின, எழுத்தறியாதார் அருகினர். அது மறுக்க முடியாத நன்மை. ஆயினும் பாட்டனார் எழுதிவைத்த ஏட்டைப் பேரன் படிக்க இயலாமற் போயிற்று. அரபுத் தமிழ் ஏடுகளைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, அவற்றைப் படிக்க ஆளின்றி நிற்கும் நம் குடும்பங்களுக்கு இந்த இழப்பின் அளவு விளங்கும். நம்மிடம் அது காலப்போக்கில் நேர்ந்தது. அங்கே ஆணையால் நேர்ந்தது.

அடுத்தது காபூல். 1978 ஏப்ரல் 27 அன்று இராணுவப் புரட்சி மூலம் ஆப்கான் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தனர். நூர் முஹம்மது தரக்கி தலைவரானார். அவர்கள் பிறப்பித்த ஆணைகளை இன்று எடுத்துப் படித்தாலும் அவற்றின் நோக்கத்தைக் குறைகூற முடியாது. ஏழை உழவரின் கடன் தள்ளுபடி. பெண்ணுக்காக மணமகன் வீட்டாரிடம் வாங்கும் பெருந்தொகைக்கு வரம்பு. பெண்ணின் திருமண வயது 16. ஒரு குடும்பத்துக்கு நல்ல நிலம் 30 ஜரீப், அதாவது ஏறத்தாழ 15 ஏக்கர் என்ற உச்சவரம்பு. வட்டியை விலக்கிய மார்க்கத்தைப் பின்பற்றுவோர் இவற்றில் எதை எதிர்ப்பது?

பிறகு ஏன் கிராமங்கள் கொதித்தெழுந்தன? இதற்கு நூல்களில் பல விளக்கங்கள் உள்ளன. எனக்கு அதனை விளங்க வைத்தது என் அத்தாவின் தொழில். அவர்கள் அரூரில் புளி வாணிபம் செய்தவர்கள். மரம் பூக்கும் முன்பே மலைக்கிராமத்தாருக்கு முன்பணம் கொடுப்பார்கள். அந்தப் பணத்தில்தான் அவ்வீடுகளில் கேழ்வரகு வாங்குவார்கள்; திருமணம் நடக்கும்; நோய்க்கு மருந்து வரும். “கடனை ஒரே நாளில் ரத்து செய்துவிடலாம், தம்பி. மறுநாள் அந்த வீட்டில் அடுப்பு எரிய யார் பணம் கொடுப்பது? அதற்கு ஓர் ஏற்பாடு செய்துவிட்டல்லவா ரத்து செய்ய வேண்டும்?” என்பார்கள். ஆப்கான் உழவனுக்கு நேர்ந்தது இதுவே. பழைய கடன் போயிற்று. விதைக்கும் நீருக்கும் புதிய வழி பிறக்கவில்லை. நிலம் பெற்றவனுக்கு நீர் கிடைக்கவில்லை. கேள்வி கேட்ட ஆலிம்களும் ஊர்ப்பெரியவர்களும் புலெ சர்க்கி சிறைக்குப் போயினர். பலர் திரும்பவே இல்லை. தேசியக் கொடியிலிருந்த பச்சை நிறமும் நீக்கப்பட்டது. மக்களுக்காக எழுதப்பட்ட ஆணையை மக்களைக் கேளாமல் எழுதியதே அந்த ஆட்சியின் அடிப்படைப் பிழை.

அதன்பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. தரக்கியை அவர் கட்சியினரே கொன்றனர். 1979 டிசம்பர் இறுதியில் சோவியத் படை புகுந்தது. தரக்கியைத் தொடர்ந்து வந்த ஹஃபீசுல்லா அமீனும் கொல்லப்பட்டார். ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளாயினர். 1989 பிப்ரவரி 15 அன்று கடைசி சோவியத் வீரன் எல்லையைக் கடந்தான். 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியமே மறைந்தது. 1992 ஏப்ரலில் நஜீபுல்லாவின் ஆட்சி கவிழ்ந்தது. இந்தியாவுக்கு வரப் புறப்பட்ட அவர் விமான நிலையத்தை அடையும் முன்பே தடுக்கப்பட்டார்.

இறைமறுப்பு வீழ்ந்தது, இனி நீதி மலரும் என்று நம்மவர் பலர் மகிழ்ந்தனர். நடந்தது வேறு. வென்ற குழுவினர் ஒருவரையொருவர் தாக்கிக் காபூலைக் குண்டுகளால் சிதைத்தனர், ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1996இல் தாலிபான்கள் நுழைந்து நஜீபுல்லாவைக் கொன்றனர். தீய ஆட்சி ஒன்று வீழ்வதாலேயே நல்லாட்சி வந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டுமா?

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். காபூலில் புரட்சி நடந்த அதே 1970களின் பிற்பகுதியில், தருமபுரிச் சீமையிலும் சில இளைஞர்கள் துப்பாக்கியின் வழியே நீதி தேடினர். கந்துவட்டியும், தேநீர்க் கடைகளில் நிலவிய இரட்டைக் குவளை முறையும் அவர்களை எழச் செய்தன. அவர்கள் கண்ட கொடுமைகள் உண்மை. ஆனால் 1980இல் தொடங்கிய போலீஸ் வேட்டையில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டு, அவ்வழி அடைபட்டது.

காபூல் ஆட்சி கவிழ்ந்து இரண்டு மாதங்கூட நிறையவில்லை. 1992 ஜூன் 20 அன்று, அரூர் வட்டத்து வாச்சாத்தி என்னும் பழங்குடிக் கிராமத்தில், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர் 269 பேர் நுழைந்தனர். வீடுகள் நொறுக்கப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர், ஆண், பெண், குழந்தை என்று பாராமல் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அரசு தரப்பு மறுத்தது.

அப்போது அம்மக்களுக்குத் துணையாக வந்தவர்கள் யார்? மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும். உலகெங்கும் தங்கள் கொடி இறங்கிய வேளை அது. மாஸ்கோ இல்லை, காபூல் இல்லை, ஆணையிட அதிகாரமும் இல்லை. கையில் இருந்தது மனு ஒன்றே. கட்சியின் மாநிலச் செயலாளர் நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1995இல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் வந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், அப்போது உயிருடனிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது. 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. இடையில் மாண்ட 54 பேரின் வழக்கு வேறொரு மன்றத்துக்குச் சென்றுவிட்டது.

ஒரே கொள்கையைப் பேசியவர்கள், ஓரிடத்தில் அதிகாரத்தை ஏந்தி ஒரு நாட்டையே எரித்தனர்; மற்றோரிடத்தில் அதிகாரமின்றி, ஏழையின் அருகே முப்பத்தோராண்டுகள் அமர்ந்திருந்து ஒரு கிராமத்தின் மானத்தை மீட்டனர். வேற்றுமை கொள்கையில் இல்லை. மக்களைப் பார்த்து ஆணையிட்டார்களா, மக்களோடு நின்று கேட்டார்களா என்பதில் இருக்கிறது. மார்க்கத்தின் பெயரால் ஆள்வோருக்கும் இந்த அளவுகோலே பொருந்தும்.

இறைமறுப்பாளர் செய்த நற்செயலை நாம் போற்றலாமா என்று சிலர் ஐயுறலாம். மக்காவுக்குப் பொருள் கொண்டுவந்த யமன் நாட்டு வணிகர் ஒருவர் ஏமாற்றப்பட்டபோது, குறைஷியருள் நல்லோர் சிலர் கூடி, அநீதிக்குள்ளானவர் எவராயினும் துணை நிற்போம் என்று உடன்படிக்கை செய்தனர். ஹில்ஃபுல் ஃபுளூல் எனப்படும் அந்த உடன்படிக்கையில், நபித்துவத்துக்கு முன்னரே நாயகம் (ஸல்) அவர்கள் பங்குகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்னரும், அத்தகைய அழைப்பு வந்தால் ஏற்பேன் என்ற கருத்தில் அதனை நினைவு கூர்ந்தார்கள். அங்கிருந்தோர் ஈமான் கொண்டவர்களா என்று அவர்கள் பார்க்கவில்லை. வணிகரின் பொருள் திரும்பியதா என்றே பார்த்தார்கள்.

ஆகவே, வீழ்ந்தது ஆட்சி, நீதி வீழவில்லை. அது காபூலின் அரண்மனையில் குடியிருக்க மறுத்து, வாச்சாத்தியின் ஆலமரத்தடியில் காத்திருந்தது. நம் தெருவிலும் அது எவர் வடிவிலேனும் காத்திருக்கக் கூடும். அதனைக் கண்டுகொள்ளும் கண்ணையும், அதனருகே அமரும் பொறுமையையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.