ரெண்டு ரூபாய் அரிசியும் லிங்கம்பள்ளி ரயிலும்

ஹைதராபாத்தில் நாலு தமிழர்கள் சேர்ந்தால் பேச்சு எப்படியும் அரிசியில் வந்து நிற்கும். நல்ல புழுங்கலரிசி கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நம்மூர் மாதிரி இல்லை, இத்யாதி இத்யாதி. (ஊரிலிருந்து பஸ்ஸில் பொன்னி மூட்டை வருகிற வீடுகள் உண்டு. எங்கள் வீடும்தான்.) வேடிக்கை என்னவென்றால், தெலங்கானா மில்கள் வருஷக்கணக்கில் மலைமலையாகப் புழுங்கலரிசி அரைத்தன. கோடையில் அறுக்கும் யாசங்கி நெல்லைப் பச்சரிசியாக அரைத்தால் நொறுங்கிவிடும். அதனால் புழுக்கி அரைத்து இந்திய உணவுக் கழகத்துக்குத் தள்ளிவிடுவார்கள். 2021-22ல் மத்திய அரசு இனி அதை வாங்க மாட்டோம் என்றதும் பெரிய ரகளை ஆனது.

சரி, சொல்ல வந்தது ரேஷன் அரிசி. 1983ல் என்.டி.ஆர். ஆட்சிக்கு வந்து கிலோ 2 ரூபாய்க்கு அரிசி கொடுத்தார். தொண்ணூறுகளில் சந்திரபாபு நாயுடு அதை மூன்றரை ரூபாய் ஆக்கினார். 2008ல் ஒய்.எஸ்.ஆர். மறுபடி 2 ரூபாய்க்குக் கொண்டுவந்தார். 2011ல் ஒரு ரூபாய். தெலங்கானா பிறந்த பிறகு, 2015ல், ஆளுக்கு 6 கிலோ, குடும்பத்துக்கு உச்சவரம்பு இல்லை என்றார்கள். நம்மூரில் 1967லேயே ரூபாய்க்கு ஒரு படி அரிசி கொடுத்த கதை நமக்குத் தெரியும். விலையில் அவர்களும் நாமும் பங்காளிகள்தான்.

ஆனால் கிலோ ஒரு ரூபாய்க்கு வாங்கிய அரிசியைச் சமைக்காமல் விற்பார்கள்! எங்கள் குடியிருப்பில் வேலை செய்யும் ஆன்ட்டி வெளிப்படையாகவே சொல்வார். ரேஷனில் வருவது தொட்டு பிய்யம், மோட்டா ரகம். ஆந்திரா, தெலங்கானா நாக்குக்கு வேண்டியது சன்ன பிய்யம். வீட்டு வாசலுக்கே வரும் ஆளிடம் பத்து, பன்னிரண்டு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு, மேலே காசு போட்டு சோனா மசூரி வாங்குவார். விற்ற அரிசி சுற்றிச் சுற்றி மில்லுக்கே போய் பாலிஷ் ஆகித் திரும்பும் என்பது ஊரறிந்த ரகசியம். இதை வைத்து "பார், இவர்களுக்கு இலவசம் தேவையே இல்லை" என்று ஆபீஸில் லெக்சர் அடிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஏழைக்கு நாக்கு இருக்கக் கூடாதா என்ன? 2015லேயே அரசு விடுதிகளுக்கும் மதிய உணவுக்கும் சன்ன அரிசி வந்துவிட்டது. ரேஷன் கடைக்கு வர 2025 உகாதி வரை ஆனது. அதற்கு முன் 2024 முதல் சன்ன ரக நெல்லுக்கு குவிண்டாலுக்கு 500 ரூபாய் போனஸ் கொடுத்து விவசாயியையும் இழுத்தார்கள். இது சரியான வேலை. ஆன்ட்டி இப்போது விற்பதில்லை.

சரி, அட்டையே இல்லாதவனுக்கு? அது 2020 மார்ச்சில் தெரிந்தது. ஊரடங்கு வந்ததும் தெலங்கானா அட்டைதாரர்களுக்கு ஆளுக்கு 12 கிலோ அரிசியும், குடும்பத்துக்கு 1,500 ரூபாயும் அறிவித்தது. வெளிமாநிலத் தொழிலாளிக்கும் ஆளுக்கு 12 கிலோ, கையில் 500 ரூபாய். நல்ல முடிவு, மறுக்கவில்லை. ஆனால் வேலை நின்றுபோனவனுக்கு 500 ரூபாய் எத்தனை நாள் வரும்? மே 1 அன்று, ஊரடங்குக்குப் பின் நாட்டிலேயே முதல் தொழிலாளர் ரயில் நம்ம லிங்கம்பள்ளியிலிருந்துதான் ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்குக் கிளம்பியது. சுமார் 1,200 பேர். பெரும்பாலோர் சங்காரெட்டி பக்கம் கந்தியில் கட்டட வேலை பார்த்தவர்கள்.

எந்த ஊர் அட்டையையும் எங்கும் காட்டி வாங்கும் திட்டம் 2019 ஆகஸ்டிலேயே ஆந்திரா-தெலங்கானா ஜோடியில் தொடங்கியிருந்தது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. எல்லா மாநிலமும் செய்தாக வேண்டும் என்று 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் கெடு வைத்தது. ஆனால் அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, நம்மாட்கள் பலருக்குத் தெரியாது. 1997ல் மத்திய அரசு ஏழை, ஏழையல்லாதவர் என்று கோடு கிழித்தபோது தமிழ்நாடு கிழிக்கவில்லை. எல்லோருக்கும் ரேஷன் என்றே இருந்தது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் எல்லை தாண்டிச் செல்லுபடியாவது 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முன்னுரிமை அட்டை மட்டும். மாநில அரசு தன் காசில் கொடுக்கும் அரிசி எல்லை தாண்டாது.

மியாப்பூரில் சென்ட்ரிங் வேலைக்கு வந்திருந்த விழுப்புரத்துக்காரர் ஒருவரின் அட்டையைப் பார்த்தேன். முன்னுரிமை இல்லாத வகை. ஊரில் மனைவி மாதாமாதம் இலவச அரிசி வாங்குகிறார். இவர் இங்கே அண்ணாச்சி கடையில் கிலோ அறுபதுக்கு வாங்குகிறார், அதுவும் பச்சரிசி.