டெண்டர் விடும் கம்ப்யூட்டர்களும் ஸ்ரீரங்கத்து ஈரங்கொல்லியும்

திருச்சிக்காரர்களுக்கு டெண்டர் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 1960களில் திருவெறும்பூர் பக்கம் பெல் ஆலை வந்த பிறகு, அதன் வேலையில் ஒரு பகுதியை வாங்கிச் செய்ய துவாக்குடி வட்டாரத்தில் ஏராளமான பட்டறைகள் முளைத்தன. வேலை வைத்திருப்பவர் அறிவிக்கிறார், முடிந்தவர் விலை சொல்கிறார், பொருத்தமானவருக்கு ஆர்டர் போகிறது. அவ்வளவுதான்!

கம்ப்யூட்டர்களும் இப்படி டெண்டர் விடும் என்றால் நம்புவீர்களா? 1980-ல் ரீட் ஸ்மித் என்ற ஆய்வாளர் வெளியிட்ட 'கான்ட்ராக்ட் நெட்' முறை இதுதான். நெட்வொர்க்கில் பல கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றையும் மேய்க்க ஒரே தலைமை என்று எதுவும் இல்லை. ஒன்றிடம் பெரிய வேலை வந்தால் மற்றவற்றுக்கு அறிவிப்பு அனுப்பும். திறனும் நேரமும் உள்ளவை 'என்னால் முடியும்' என்று பதில் போடும். அவற்றில் பொருத்தமானதற்கு வேலை போகும். வாங்கிய கம்ப்யூட்டர் அதில் ஒரு பகுதியைச் சப்-கான்ட்ராக்ட்கூட விடலாம்!

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. யாருக்கு என்ன தெரியும் என்பது அறிவிப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. எல்லோரையும் கேட்டால் போதும்.

இதற்கு நேர் எதிரான ஏற்பாடு, காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் இருந்தது. ராமானுஜர் கோயில் பணியாளர்களைப் பத்துக் கொத்துகளாகப் பிரித்தார் என்கிறது 'கோயிலொழுகு'. பல்லக்கு சுமப்பது, பூக்கட்டுவது, கணக்கு எழுதுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. பெரும்பாலும் அப்பாவுக்குப் பின் பிள்ளை. டெண்டர் விடுவதற்கும் நேரமும் செலவும் ஆகும் அல்லவா? இங்கே அது மிச்சம். விடிந்ததும் அவரவர் வேலையை அவரவர் பார்ப்பார்கள். ஆனால் திறமை உள்ள வேறொருவர் அந்த வேலையைக் கேட்க முடியாது. ஆள் போனால் வேலையின் நுணுக்கமும் கூடவே போய்விடும்.

அப்படித்தான் ஆனது. 1323-ல் டெல்லி சுல்தானின் படை வந்தபோது உற்சவர் சிலையை ரகசியமாக எடுத்துச் சென்றார்கள். பல ஊர்கள் சுற்றி, விஜயநகரத் தளபதி கோபண்ணா காலத்தில் 1371-ல்தான் அது திரும்பியது. இடையில் கோயிலில் வேறொரு சிலையை வைத்திருந்தார்கள். பழையது எது? அடையாளம் சொல்ல வேண்டிய தலைமுறையே ஏறக்குறைய மறைந்துவிட்டது.

பழைய ஆட்கள் யாராவது உண்டா என்று தேடியபோது ஒரு முதியவர் கிடைத்தாராம். பெருமாளின் துணி வெளுக்கும் ஈரங்கொல்லி. கண் தெரியாது. இரண்டு சிலைகளுக்கும் திருமஞ்சனம் செய்து, அந்த ஈர ஆடையின் தீர்த்தத்தைக் கொடுத்தார்கள். ஒன்றைப் பருகியதும் 'இவரே நம்பெருமாள்' என்று சொன்னாராம். அந்தப் பெயரே நிலைத்தது என்பது கோயில் வழக்கு.

யோசித்துப் பாருங்கள். வேலைப் பட்டியலின் கடைசியில் இருந்தவரிடம்தான் விடை இருந்தது. பொதுவில் கேட்டதால் அது கிடைத்தது. அந்த முதியவர் ஒரு வருடம் முன்பே இறந்திருந்தால்?

இந்த பயத்தினால்தான் இன்றைய நெட்வொர்க்குகள் முக்கியமான தகவலை ஒரே கம்ப்யூட்டரிடம் விட்டுவைப்பதில்லை. பல இடங்களில் நகல் வைக்கின்றன. வேலையைப் பிரித்துக் கொடுத்தால் மட்டும் போதாது. ஒருவருக்குத் தெரிந்தது இன்னும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அலுவலகமோ, பட்டறையோ, கோயிலோ... எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.