மௌன விண்மீன்

ஓதவரும் பிள்ளைகளுள் வாய் திறவாதவனை ஒன்றுமறியாதவன் என முடிவுகட்டும் வழக்கம் உஸ்தாதுகளிடையே உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. விண்ணிலும் இதற்கொரு சான்று காண்கிறோம்.

பி1931+24 என்னும் துடிப்பு விண்மீன், ஏறத்தாழ 0.8 நொடிக்கு ஒருமுறை சுழல்வது. 5 முதல் 10 நாள்கள் வானொலித் துடிப்புகளை விடுக்கும். பின்னர் ஒரு மாத அளவு மௌனம் சாதிக்கும். இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்க் வானொலித் தொலைநோக்கியால் பல்லாண்டு கவனித்த அறிஞர்கள், 2006இல் உண்மையை உரைத்தனர்: மௌன நாள்களிலும் அதன் சுழற்சி நிற்பதில்லை, துடிப்பை விடுக்கும் நாள்களில்தான் ஒன்றரை மடங்கு விரைவாகத் தளர்கிறது. அப்போது வெளியேறும் மின்னூட்டத் துகள்கள் சுழற்சியின் ஆற்றலைக் கவர்ந்து செல்கின்றன என்பது அவர்தம் விளக்கம்.

ஒருநாள் மட்டும் செவிசாய்த்தவர், அங்கே விண்மீனே இல்லை என்றிருப்பார். ஓராண்டேனும் காத்திராமல் ஒரு பிள்ளையின் மௌனத்துக்கு மதிப்பெண் இடலாமா?